ஐந்தாம் நம்பர் முகம்

போன் சத்தத்தைக் குறையுங்கள் தம்பி, பஸ் முழுக்கக் கேட்கிறது. அணைக்க வேண்டாம், குறைத்தால் போதும். அந்த விளம்பரம்தானே? 'எங்கே போவான்?' வெள்ளிக்கிழமை எட்டரை மணி. போலீஸ் தேடுகிற ஆட்களைப் பிடிக்கிற தொடர். இன்னொரு தடவை போடுங்கள். முதலில் வருகிற முகத்தில் நிறுத்துங்கள். நிறுத்துங்கள் என்றால் நிறுத்த வேண்டும், அடுத்த முகத்துக்குப் போய்விட்டீர்களே. இப்படிக் கொடுங்கள்.

இவன்தான். பூவலிங்கம். எங்கள் ஊரில் இருந்தவன். முதல் தடவை பிடித்துக் கொடுத்தது நாங்கள். இரண்டாம் தடவை பிடித்துக் கொடுக்கத்தான் இப்போது மதுரைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். சொல்கிறேன். குறுக்கே பேசாமல் இருந்தால்.

நாங்கள் என்றால் ரசிகர் பேரவை. சிரிக்காதீர்கள். நடிகனுக்கு வைக்கலாம், இதற்கு வைக்கக் கூடாதா? இந்தத் தொடருக்காக எட்டு மாதமாகக் காத்திருக்கிறோம். முதலில் தைப் பொங்கலுக்கு என்றான். அப்புறம் சித்திரை ஒன்று என்றான். அப்புறம் 'விரைவில்' என்று போட்டான். விரைவில் என்பது எந்த மாதம்? டிவிக்காரனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "மேனேஜ்மெண்ட் முடிவு சார்" என்றாள் ஒரு பெண். "ஒரு தேதியை முடிவு பண்ண எத்தனை பேரும்மா உட்கார்ந்திருக்கீங்க?" என்றேன். வைத்துவிட்டாள்.

என் பெயர் அரியநாயகம். ஊரில் கிளார்க் சார் என்றால் தெரியும். பள்ளிக்கூட ஆபீசில் முப்பத்தொரு வருஷம். ரிட்டயர்டு ஆகிப் பதினைந்து வருஷம். மனைவி போய் மூன்று வருஷம். அவள் இருந்தவரைக்கும் வீட்டில் மாமியார் மருமகள் தொடர்தான் ஓடும். ஒருத்தி பாலில் எதையாவது கலப்பாள். இன்னொருத்தி குடிக்கப் போவாள். டம்ளர் வாய்க்குப் போவதற்குள் வாரம் முடிந்துவிடும். அதைப் பார்த்தே பாதி ஆயுசு போய்விட்டது எனக்கு. 'எங்கே போவான்?' விளம்பரம் வந்த அன்றைக்குத்தான் நான் நாற்காலியை டிவிக்கு நேராகத் திருப்பிப் போட்டேன்.

எட்டு முகம் காட்டினான். ஒவ்வொன்றும் அரை நொடி. பின்னால் ஒரு குரல். 'இவர்கள் உங்கள் தெருவில் இருக்கலாம். உங்கள் பக்கத்து வீட்டில் இருக்கலாம்.' முடிந்தது. வேறொன்றும் கிடையாது. என்ன குற்றம், எந்த ஊர், ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எங்களை உட்கார வைத்தது.

தாலுகா ஆபீசுக்கு எதிரே ஞானதுரையின் ஜெராக்ஸ் கடை. சாயங்காலம் ஆபீஸ் கூட்டம் கலைந்ததும் அங்கே கூடுவோம். நான், ஞானதுரை, ரிட்டயர்டு நர்ஸ் சகாயமேரி, இன்னும் ஏழெட்டுப் பேர். விளம்பரத்தைப் போட்டு ஒவ்வொரு முகமாக நிறுத்திப் பாடம் பண்ணுவோம். தொடர் வருகிறபோது தயாராக இருக்க வேண்டும் இல்லையா? ஞானதுரை பரீட்சை வைப்பான்.

"மூணாம் நம்பருக்கு எந்தக் காது பெருசு?"

"வலது" என்பாள் சகாயமேரி.

"தப்பு. கிளார்க் சார்?"

"ரெண்டும் ஒண்ணுதான். தொப்பி சாய்ஞ்சிருக்கு."

கை தட்டுவார்கள். ஒரு நாள்கூட நான் தோற்றதில்லை. முகம் என்றால் எனக்கு அப்படி. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் என் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்று போயிருக்கிறார்கள். ஒருத்தன் முகமும் மறக்காது.

ஞானதுரை எட்டு முகத்தையும் படம் எடுத்து, பெரிதாக்கி, ஜெராக்ஸ் போட்டுச் சுவரில் ஒட்டினான். போதவில்லை என்று அந்த ஜெராக்ஸையே இன்னும் பெரிதாக்கினான். அப்புறம் அதையும். நான்காம் தடவையில் எல்லாருக்கும் மீசை அடர்ந்துவிட்டது. இரண்டாம் நம்பர் பொம்பளை. அவளுக்கும் லேசாக வந்தது. "மிஷின் கோளாறு ஞானதுரை" என்றாள் சகாயமேரி. "கோளாறு இல்லக்கா. இப்பத்தான் முகம் தெளியுது" என்றான் அவன்.

அந்தச் சமயத்தில்தான் பூவலிங்கம் கடைக்கு வந்தான். ஐம்பதுக்குப் பக்கம் வயது. ஒல்லி. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் அவன் பள்ளிக்கூட டிசி. நர்சரி பள்ளிக்கூடத்து வேன் ஓட்டுகிற வேலைக்கு நகல் கேட்டிருக்கிறார்களாம். ஞானதுரை வாங்கி மிஷினில் வைத்தான். நான் நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் ஐந்தாம் நம்பர். லாரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், இடது கண் கொஞ்சம் சின்னது. அந்தப் படத்துக்கு நேர் கீழே இவன் நிற்கிறான். இடது கண் கொஞ்சம் சின்னது. டிரைவர்.

அவன்தான் முதலில் பேசினான்.

"வணக்கம் சார். என்னைத் தெரியுதா சார்? பூவலிங்கம். தொண்ணூத்தொண்ணு பேட்ச், பத்தாம் வகுப்பு ஏ செக்‌ஷன். பெயிலாகி முறுக்குக் கம்பெனி வேலைக்கு சோலாப்பூர் போனேன். முப்பத்து மூணு வருஷம் ஆச்சு சார், இப்பத்தான் ஊருக்கே வந்துட்டேன்."

பார்த்தேன். தெரியவில்லை. யோசித்தேன். தெரியவே இல்லை. எனக்கு முகம் மறக்காது என்று சொன்னேன் அல்லவா? அப்படியானால் அவன் என் பள்ளிக்கூடத்தில் படித்திருக்க முடியாது. பொய் சொல்கிறான். இவ்வளவு எளிய கணக்கு. அவன் போனதும் ஞானதுரையிடம் சுவரைக் காட்டினேன். அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

அவசரப்படவில்லை நாங்கள். பத்து நாள் கவனித்தோம். யாரிடமும் நின்று பேசுவதில்லை. டீயை ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் குடிப்பான். வேலை முடிந்தால் நேரே வீடு. பெண்டாட்டி முத்துக்கனி நம் பக்கத்துப் பெண்தான், தமிழ் சரியாகத்தான் பேசினாள். ஆனால் ஒன்பது வயதில் ஒரு மகள், அது அப்பனிடம் மராட்டியில் பேசுகிறது. எதற்கு? நாலு பேருக்குப் புரியக் கூடாது என்றுதானே? அம்மா செத்துப்போய்ப் பதினெட்டு வருஷம் என்றான். சொந்தக்காரர்கள் எல்லாம் திருப்பூர் போய்விட்டார்கள் என்றான். ஆக, இவன் யார் என்று சொல்ல ஊரில் ஒருத்தரும் இல்லை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். தேதி, நேரம், கையெழுத்தோடு.

விளம்பரத்தின் கடைசியில் ஒரு போன் நம்பர் காட்டுவான். ஞானதுரை போட்டான். 'தொடர் ஒளிபரப்பாகும் நாளிலிருந்து இந்த எண் செயல்படும்' என்றது. தொடர் எப்போது? விரைவில். அதுவரைக்கும் நம் பிள்ளைகள் அவன் வேனில் போக வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள்.

பெற்றவர்களிடம் சொன்னோம். சொன்னது அவ்வளவுதான். மறுநாள் காலையில் பிள்ளையார் கோயில் முக்கில் வேன் வந்து நின்றபோது நாற்பது பேர் இருந்தார்கள். ஞானதுரை ஐந்தாம் நம்பரைக் காப்பி போட்டு எல்லார் கையிலும் ஒன்று கொடுத்திருந்தான்.

"இறங்குடா" என்றார்கள்.

"என்னங்க? என்ன விஷயம்?" என்று கதவைத் திறந்தான். இழுத்துப் போட்டார்கள்.

நான் அடிக்கவில்லை. சட்டைக் காலரைப் பிடித்தேன், ஓடிவிடக் கூடாது என்று. அடித்தது மற்றவர்கள். ஒரு அம்மா டிபன் கேரியராலேயே போட்டாள், சாம்பார் எல்லாம் சிந்திவிட்டது. "சார், நீங்களாவது சொல்லுங்க சார், சார்" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. பிள்ளைகள் வேனுக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தன. அவன் மகளும் உள்ளேதான் இருந்தாள், அதே பள்ளிக்கூடம். அது ஏதோ மராட்டியில் கத்தியது. ஒருத்தருக்கும் புரியவில்லை. சகாயமேரி வீடியோ எடுத்தாள். எல்லாம் ஆடிப்போய்விட்டது. டிவிக்கு அனுப்ப உதவவில்லை.

ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனோம். எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர். ஜெராக்ஸைப் பார்த்தார். "இது எந்த ஸ்டேஷன் கேஸ் சார்?" என்று என்னைக் கேட்டார். "டிவியில் போட்டது" என்றேன். அவருக்கு அது போதவில்லை. அவனிடம் அட்டைகளை வாங்கிப் பார்த்தார். ஆதாரில் சோலாப்பூர் முகவரி, மேலே மராட்டி எழுத்து. லைசென்ஸும் அங்கே எடுத்தது. "இந்த ஊர்க்காரன்னு சொல்ற, இங்க உள்ள காகிதம் ஒண்ணுகூட இல்லையா?" என்றார்.

"இருக்கு சார்." உதடு கிழிந்திருந்தது, பேசினால் ரத்தம் வந்தது. முத்துக்கனி வீட்டுக்கு ஓடிப்போய் அந்தப் பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தாள். "டிசி சார். முப்பத்து மூணு வருஷமா பத்திரமா வெச்சிருக்கேன். கிளார்க் சார் கையால எழுதிக் கொடுத்தது."

எஸ்.ஐ. வாசித்தார். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி. அப்புறம் அங்க அடையாளங்கள். உங்களுக்கும் போட்டிருப்பார்களே, இரண்டு? ஆளைக் கண்டுபிடிக்க. 'ஒன்று, வலது கன்னத்தில் ஒரு மச்சம். இரண்டு, இடது முழங்காலில் ஒரு தழும்பு.'

அவன் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தார். துடைத்துப் பார்த்தார். மச்சம் இல்லை. வேட்டியைத் தூக்கச் சொன்னார். எல்லாரும் நிற்கிறோம், பெண்டாட்டி நிற்கிறாள். தூக்கினான். முழங்காலில் தழும்பு இல்லை. இரண்டு கையிலும் எண்ணெய் தெறித்த தழும்பு பத்துப் பன்னிரண்டு இருந்தது. முறுக்குச் சுட்டதாம். அது டிசியில் இல்லை.

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். "சார், இது உங்க எழுத்தா?"

உங்களிடம் சொல்வதற்கென்ன. நீங்கள் இறங்கிப் போய்விடுகிற ஆள். ஜூன் மாதம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள். இருநூற்றுச் சொச்சம் டிசி, இரண்டு நாளில் எழுத வேண்டும். ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி, சட்டையைக் கழற்றி, மச்சம் எங்கே தழும்பு எங்கே என்று யார் தேடிக்கொண்டிருப்பது? ஏ பிரிவு முழுக்க வலது கன்னத்தில் மச்சம், இடது முழங்காலில் தழும்பு. பி பிரிவுக்கு இடது கன்னம், வலது முழங்கால். சி பிரிவுக்கு நெற்றி. பெண் பிள்ளைகள் என்றால் கையில் ஒரு மச்சத்தோடு நிறுத்திக்கொள்வேன், மரியாதை தெரியும் எனக்கு. ஹெட்மாஸ்டர் வாசிக்காமல் கையெழுத்துப் போடுவார். ஒரு ஆடிட்டிலும் ஒரு கேள்வி வந்ததில்லை. முப்பத்தொரு வருஷம்.

அதை ஸ்டேஷனில், நாற்பது பேர் முன்னால், ஒரு சின்னப் பையன் எஸ்.ஐ.யிடம் சொல்லச் சொல்கிறீர்களா?

"எழுத்து என்னுடையது" என்றேன். "நான் பார்க்காமல் எழுதுகிறவன் இல்லை. டிசி அசல். அப்படியானால் ஆள்தான் வேறே."

பூவலிங்கம் என்னைப் பார்த்தான். "சார், அன்னைக்கு நீங்க நிமிரவே இல்லையே சார்" என்றான். "குனிஞ்சுக்கிட்டே எழுதி, குனிஞ்சுக்கிட்டே நீட்டுனீங்க. நான் கும்பிட்டேன். அதையும் நீங்க பாக்கல."

"வாயை மூடு" என்றேன்.

கூட்டத்திலிருந்து ஒருத்தன் முன்னால் வந்தான். பேக்கரி வைத்திருக்கிறவன். "சார், இவன் பூவலிங்கம்தான். ஏ செக்‌ஷன்ல எம் பக்கத்துல உக்காந்து படிச்சவன்" என்றான். எஸ்.ஐ. "நீ அந்த வகுப்புங்கிறதுக்கு என்ன ஆதாரம்? உன் டிசியை எடுத்துட்டு வா" என்றார். எடுக்கப் போனான். அரை மணி நேரம் பார்த்தோம். ஒரு மணி நேரம் பார்த்தோம். வரவில்லை. வீட்டில் போய் எடுத்து வாசித்திருப்பான். கண்ணாடியையும் பார்த்திருப்பான். அவன் கன்னமும் வழவழ என்றுதான் இருந்தது, நான்தான் பார்த்தேனே.

அப்புறம் ஏ செக்‌ஷன்காரன் ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. ஊரிலேயே பதினைந்து பேர் இருக்கிறார்கள். ஒருத்தன் மின்வாரியம், ஒருத்தன் வாத்தியார், ஒருத்தன் கூட்டுறவு சங்கச் செயலாளர். எல்லாரும் அந்த டிசியைக் காட்டி வேலைக்குப் போனவர்கள். எல்லாருக்கும் வலது கன்னத்தில் மச்சம், எழுத்தில். தெருவில் என்னைப் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டு வேகமாகப் போனார்கள். ஒருத்தன் மட்டும் ஒரு பை மாம்பழம் கொண்டுவந்து திண்டாடி நின்றான். "நல்லா இருக்கீங்களா சார்?" என்றான். "இருக்கேன்" என்றேன். போய்விட்டான். பழம் புளிப்பு.

ஆக, வழக்கு என்ன ஆயிற்று? வேறொருவன் டிசியைத் தன்னுடையது என்று காட்டி வேலைக்குச் சேர்ந்தான், ஆள் மாறாட்டம். பதினைந்து நாள் உள்ளே வைத்தார்கள்.

இதற்கு நடுவில் ஒரு கூத்து. ஞானதுரை ஒரு நாள் சாயங்காலம் முகம் வெளுத்துப்போய் வந்தான். டிவியில் சோப்புத்தூள் விளம்பரம் ஒன்று. சட்டையில் கறையோடு ஒருத்தன் சிரிக்கிறான். ஐந்தாம் நம்பர். நடிகன்! எட்டு பேரும் நடிகர்கள்தானாம். ஓரத்தில் எறும்பு மாதிரி எழுத்தில் 'சித்திரிப்பு' என்று முதலிலிருந்தே இருந்ததாம். ஞானதுரை படத்தைப் பெரிதாக்கும்போது ஓரத்தை வெட்டிவிட்டான்.

"அப்ப நாம பிடிச்சது யாரை சார்?" என்றாள் சகாயமேரி. அழுகிற மாதிரி இருந்தாள்.

"ஆள் மாறாட்டக்காரனை" என்றேன். "டிவி சொல்லாமல் நாமே பிடித்திருக்கிறோம். பெருமைதானே படணும்?"

அவள் அதற்கப்புறம் கடைக்கு வரவில்லை. சர்ச்சுக்குப் போகிறாளாம் தினமும். போகட்டும். மூன்றாம் நம்பர் காதைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாதவள்.

ஜாமீனில் வந்தான். தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. வேன் வேலை போய்விட்டது. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். நர்சரியில் மகளை வேண்டாம் என்றுவிட்டார்கள். பழைய லாரி ஷெட் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார்கள். பத்து மணிக்கு அவன் நடந்து போகும்போது பிள்ளைகள் பின்னாலேயே போய், "எங்கே போவான்? எங்கே போவான்?" என்று விளம்பரத்துக் குரலிலேயே கத்தும். அப்படியே இருக்கும், அதே குரல். நான்கூடச் சிரித்திருக்கிறேன்.

முத்துக்கனி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இடுப்பில் செருகியிருந்த ஒரு காகிதத்தை எடுத்தாள். ஏ செக்‌ஷன் ஆட்கள் வீடு வீடாகப் போய் டிசியைக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறாள். ஒருத்தரும் தரவில்லை. செத்துப்போன ஒருத்தன் பெண்டாட்டி மட்டும் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு இனி எந்த வேலை போகப் போகிறது?

"பாருங்க ஐயா. அதே கன்னம், அதே முழங்கா. அவருக்கு மச்சமே கெடையாதுன்னு அந்த அக்கா எழுதிக் குடுக்கிறேங்கிறாங்க."

"செத்தவன் கன்னத்தை எந்தக் கோர்ட்டும்மா பார்க்கும்?"

"அதான் ஐயா உங்ககிட்ட வந்தேன். எல்லாருக்கும் ஒண்ணுபோல எழுதிட்டேன்னு ஒரு வரி. ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வயசானவரு, மறந்து எழுதிட்டாருன்னு போயிரும்."

மறந்து எழுதினேனாம். எனக்கே சொல்லிக்கொடுக்கிறாள்.

"இங்க பாரும்மா" என்றேன். "பதிவேட்டில் எழுதினதை அடிக்க எனக்கு அதிகாரம் கிடையாது. நான் இப்ப ரிட்டயர்டு. நீ ஹெட்மாஸ்டரைப் பாரு."

"அவரு செத்துப்போயிட்டாரே ஐயா."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

காலில் விழுந்தாள். எனக்கு அது பிடிக்காது. எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஆள் இல்லை. கதவைச் சாத்தாமல் போயிருந்தாள், நாய் உள்ளே வந்துவிட்டது.

நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம். யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு வரியை எழுதினால் என்ன ஆகும்? நான் எழுதின அத்தனை டிசியும் பொய் என்று ஆகும். எத்தனை ஆயிரம்? தாலுகா ஆபீசில் பாதிப் பேர் என் எழுத்து. ஒருத்தனுக்காக ஊரையே நடுத்தெருவில் நிறுத்தவா? என்னை விடுங்கள், எனக்கென்ன, பென்ஷனை நிறுத்துவான், அவ்வளவுதானே. நான் ஊருக்காகப் பார்த்தேன்.

மறு வாரம் அவன் கையெழுத்துப் போட வரவில்லை. கொட்டகை காலி. வாய்தாவுக்கும் வரவில்லை. கோர்ட் பிடிவாரண்டு போட்டது.

பார்த்தீர்களா? ஓடிவிட்டான். நிஜமான ஆளாக இருந்தால் ஏன் ஓட வேண்டும்? இப்போது அவன் அசல் தலைமறைவு. காகிதத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. ஞானதுரை வாரண்டை நூறு காப்பி போட்டான், யாரும் கேட்காமலே.

அந்த நேரத்தில்தான் டிவிக்காரர்கள் தொடரை மாற்றினார்கள். நடித்துக் காட்டுவது வேண்டாம், உண்மையான வழக்குகள் வேண்டும், ரசிகர்களே எழுதி அனுப்புங்கள் என்றார்கள். ஞானதுரை அனுப்பினான். நான்கே நாளில் போன். சென்னையிலிருந்து ஒரு பெண், தேனாகப் பேசினாள். "சார், உங்க ஊர் கேஸ்தான் எங்க முதல் எபிசோட். முப்பத்து மூணு வருஷம் கழிச்சு ஒரு எழுத்தர் தன் கையெழுத்தை வெச்சே குற்றவாளியைக் கண்டுபிடிக்கிறார். சூப்பர் சார்!" எட்டு மாதம் காத்திருந்தது வீண் போகவில்லை. தேதியும் சொல்லிவிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை. பேரவையில் பட்டாசு வெடித்தோம்.

விளம்பரத்தையும் மாற்றிவிட்டார்கள். நீங்கள் பார்த்தது புதுசு. முதல் முகம் அசல் முகம்.

அதை அவனும் எங்கேயோ பார்த்திருக்கிறான். போன வியாழக்கிழமை எனக்குப் போன் வந்தது. தெரியாத நம்பர்.

"சார், நான் பூவலிங்கம்."

"எங்கேயிருந்து பேசுற?"

சொல்லவில்லை. "சார், மூஞ்சியை டிவியில போட்டுட்டாங்க சார். எங்கயும் வேலைக்கு நிக்க முடியல. டீ குடிக்க முடியல. துண்டை மூஞ்சியில கட்டிக்கிட்டுப் போறேன். ஒரு வரி எழுதிக் குடுங்க சார். அதைக் கையில வெச்சுக்கிட்டு நானே கோர்ட்டுல போய் நின்னுடுறேன்."

டிவி சத்தத்தைக் குறைத்தேன்.

"பிள்ளை கேக்குது சார். உங்க பேரு நெசமாவே பூவலிங்கமாப்பான்னு."

பெற்ற பிள்ளைக்கே சந்தேகம் வந்துவிட்டது பாருங்கள்.

"சரி" என்றேன். "எழுதித் தர்றேன். செவ்வாய்க்கிழமை மதியம் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வா. எங்க ஊர் பஸ் நிக்கிற இடத்துல நில்லு. குடும்பத்தையும் கூட்டிட்டு வா, சாட்சிக்கு."

அழுதுவிட்டான். "சார், நீங்க நல்லா இருக்கணும் சார்" என்றான். என்னைக் கெஞ்சினவர்கள் நிறைய. வாழ்த்தினவர்கள் குறைவு. கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். அப்புறம் சென்னைக்குப் போட்டேன்.

அந்தப் பெண் துள்ளிவிட்டாள். போலீசுக்கு அவர்களே சொல்லிவிட்டார்கள். கேமரா இரண்டு. ஒன்று டீக்கடைக்குள், ஒன்று ஒரு காருக்குள். "சார், எங்க பசங்களுக்கு அவரை அடையாளம் தெரியாது, துண்டு வேற கட்டியிருப்பார். நீங்க இறங்கி யாருக்குப் பதில் வணக்கம் சொல்றீங்களோ அவர்தான். கையை நல்லாத் தூக்கிக் கும்பிடுங்க, ஒரே டேக்." வெள்ளைச் சட்டை வேண்டாம், கேமராவில் கூசும் என்றாள். இது புதுச் சட்டை. கழுத்து அரிக்கிறது.

ரிங் ரோடு திரும்பிவிட்டதா? இன்னும் பத்து நிமிஷம்.

என்ன கேட்டீர்கள்? காகிதமா? ஆமாம், எழுதித்தான் வைத்திருக்கிறேன். காகிதம் கையில் இல்லாவிட்டால் கிட்டே வருவானா? தூரத்திலிருந்தே பார்ப்பான், பயந்த ஆள். வேண்டுமானால் வாசியுங்கள். 'தொண்ணூற்றொன்றாம் ஆண்டு பத்தாம் வகுப்பு ஏ பிரிவு மாணவர்கள் அனைவருக்கும் அங்க அடையாளங்களை நேரில் பாராமல் ஒன்றுபோல் எழுதியவன் நானே. இச்சான்று பூவலிங்கத்துக்கு உரியதே.' பொய் எதுவும் இல்லையே? அடித்தல் திருத்தல் உண்டா? எழுத்து இன்னும் நடுங்கவில்லை பாருங்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. கீழே கையெழுத்து மட்டும் போடவில்லை. கையெழுத்து இல்லாத காகிதம் வெறும் காகிதம், அது ஆபீஸில் இருந்தவனுக்குத் தெரியும்.

திருப்பிக் கொடுங்கள். கசக்காதீர்கள்.

வந்துவிட்டது. அதோ, நிழற்குடைக்கு வெளியே. துண்டை அவிழ்த்துவிட்டான், எனக்குத் தெரிய வேண்டும் என்று. பக்கத்தில் அவள். அந்தப் பிள்ளைக்குப் பூ வைத்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டான். கும்பிடுகிறான். மூன்று பேரும் கும்பிடுகிறார்கள்.

என்ன தம்பி இது? பேனா எதற்கு நீட்டுகிறீர்கள்? என்னிடம் இருக்கிறது, சட்டைப் பையிலேயே இருக்கிறது. உள்ளே வையுங்கள். காலை மடக்குங்கள், நான் இறங்க வேண்டும். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும் எனக்கு. கும்பிடணும்.